துண்டுக்கு அடியில் கிடக்கும் வண்டி

கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் சித்திரை வெயிலில் நின்றவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது. தோளில் கிடந்த துண்டை விரித்து, அதன் மறைவில் விரல்களைப் பிடித்தே விலை பேசி முடிப்பார்கள். மறைவாக இருந்தது விலை மட்டுமே. மாடு வெட்டவெளியில் நிற்கும். பல்லைப் பிடித்து வயதைக் கணிப்பார்கள், சுழி பார்ப்பார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். அன்றும் கொம்பைச் சீவி எண்ணெய் தடவி வயதை மறைத்தவர்கள் உண்டு. ஆனால் தரகுக்காசு வாங்கியவர் மறுவருடமும் அதே சந்தையில் வந்து நிற்க வேண்டும். 'ஏனுங்க, இப்படிப் பண்ணிப்போட்டீங்க' என்று அவர் முகத்துக்கு நேரே கேட்க முடியும். பழைய கார்களின் இன்றைய ஆன்லைன் ஏலத்தில் எல்லாம் தலைகீழ். விலை ஊரறிய ஏறுகிறது; வண்டிதான் துண்டுக்கு அடியில் கிடக்கிறது.

1920-இல் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தை ஓட்டத் தொடங்கிய கொங்கு மண் இது. இறக்குமதி முடங்கிக் கிடந்த பல பத்தாண்டுகளில் கோவைப் பட்டறைகள்தாம் பழைய மோரிஸையும் ஃபியட்டையும் ஸ்டாண்டர்டு ஹெரால்டையும் சாகவிடாமல் காத்தன. கிடைக்காத பாகத்தை லேத்தில் கடைந்தார்கள். பெட்ரோல் கட்டுப்படியாகாதபோது அம்பாசிடருக்கு டீசல் இன்ஜின் ஏற்றினார்கள். அதில் வஞ்சனை ஏதுமில்லை, பிழைப்பின் சாமர்த்தியம் அது. அதே வண்டியைப் புதுப் பெயின்ட் அடித்து, இன்ஜின் எண்ணைத் திருத்தி, 'ஒரிஜினல்' என்று ஏலத்தில் ஏற்றும்போதுதான் பொய் பிறக்கிறது. அந்தப் பொய் வாங்குபவரை மட்டும் ஏமாற்றவில்லை. வண்டியை உயிரோடு வைத்திருந்த கைகளையும் அதன் கதையிலிருந்து அழித்துவிடுகிறது. 2021-இல் வந்த மத்திய விதி, 50 வயது கடந்து மூல வடிவம் மாறாத வண்டிகளுக்கே விண்டேஜ் பதிவு என்றபின், அந்த அழிப்புக்கு ஆசை காட்ட ஒரு காரணமும் சேர்ந்துகொண்டது.

இந்தப் பொய்க்கு யார் பொறுப்பு என்ற கேள்வி பழையது, பதிலும் பழையது. சொன்ன விவரத்துக்குச் சரக்கு ஒத்திருக்க வேண்டும் என்று 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டமே விற்பவரைக் கட்டிப்போட்டுவிட்டது. ஏலத் தளங்கள், தாங்கள் வெறும் இடைநிலையாளர் என்று 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவுக்குப் பின்னால் நிற்கின்றன. பிறர் தந்த தகவலைத் தேர்ந்தெடுக்காமலும் திருத்தாமலும் கடத்துபவருக்கு, அதுவும் உரிய கவனத்தோடு நடப்பவருக்கு, விரிக்கப்பட்ட குடை அது. வண்டியைத் தேர்ந்து, வருணனை எழுதி, மதிப்புப் போட்டு, கமிஷனும் எடுக்கும் தளத்தை அந்தக் குடைக்குள் எப்படி நிறுத்துவது? சந்தைத் தரகருக்கு இருந்த கடன் அதற்கும் உண்டு என்பதே என் துணிபு.

பாகம் மாறிய வண்டி அதே வண்டிதானா? 1929-இலும் 1930-இலும் லெ மான் பந்தயத்தை வென்ற பென்ட்லி கார் 'ஓல்டு நம்பர் ஒன்' பற்றி 1990-இல் லண்டனில் ஒரு வழக்கு நடந்தது. பாகங்கள் பெரும்பாலும் மாறிப்போன பின்னும், வரலாறு அறுபடாமல் தொடர்ந்ததால் அது அதே வண்டிதான் என்றது தீர்ப்பு. நம் பட்டறைகளில் உயிர் பிழைத்த வண்டிகளுக்கும் அந்த வரலாறு உண்டு. எந்தப் பட்டறையில் எந்த இன்ஜின் ஏற்றப்பட்டது, எந்த ஆண்டில் யார் கை வைத்தார்கள் என்று ஏல அறிவிப்பின் முதல் வரியிலேயே அது எழுதப்படட்டும்.