குறையொன்று உண்டு!

மச்சினன் போன் செய்தான். "அத்தான், மிக்ஸர் வாங்கணும். கூட வரீங்களா?"

தீபாவளி போய் ரெண்டு மாசம் ஆச்சே என்று யோசித்தபடி, "கால் கிலோ போதுமாடா?" என்றேன்.

"எழுபது கிலோ அத்தான்" என்றான்.

அவன் சொன்னது ஓமப்பொடி, கடலை சமாசாரம் இல்லை. பாட்டு ரெக்கார்டிங்கில் நூறு குமிழ்களோடு மேஜை மாதிரி நீளமாக இருக்குமே, அந்த மிக்ஸிங் கன்ஸோல். பகலில் ஆபீஸ், ராத்திரியில் மொட்டைமாடி ரூமில் ரெக்கார்டிங் என்று இரட்டை வாழ்க்கை வாழ்கிறவன். கையில் ரெண்டு லட்சம் சேர்த்திருந்தான். அதை அவன் கல்யாணச் செலவுக்கு என்று மாமியார் மனசுக்குள் எழுதி வைத்திருந்தார்.

என்னை எதற்குக் கூப்பிட்டான்? காலேஜ் நாட்களில் நான் ஒரு மெல்லிசைக் குழுவில் இருந்தேன். பாட வராது என்று தெரிந்ததும் மிக்ஸருக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். அந்தத் தகுதிதான்.

"கம்ப்யூட்டர்லயே எல்லாம் வந்துடுச்சேடா?"

"வந்துடுச்சு. ஆனா ரொம்ப சுத்தமா இருக்கு அத்தான். அதான் பிரச்னை."

பையன் சொல்வதில் விஷயம் இருக்கிறது. தம்புராவைப் பார்த்திருப்பீர்கள். குதிரை மேல் தந்திக்கு அடியில் ஒரு சின்ன நூலைச் செருகி, முன்னும் பின்னும் நகர்த்துவார்கள். ஜீவா என்று பேர். நூல் இல்லாவிட்டாலும் தம்புரா பேசும். ஆனால் 'டொய்ங்' என்று தட்டையாக. நூல் சரியான இடத்தில் உட்கார்ந்ததும் ஒரு ரீங்காரம் எழும்புகிறதே, அது மேல்ஸ்வரங்கள் சேர்ந்து வருகிற சத்தம்.

பழைய அனலாக் கன்ஸோலிலும் அப்படி ஒரு நூல் இருக்கிறது. அதன் பெயர் டிரான்ஸ்ஃபார்மர். இரும்பின் மேல் தாமிரக் கம்பி சுற்றிய உருண்டை. பாட்டு அதற்குள் புகுந்து வரும்போது லேசாக நெளிகிறது. 200 சைக்கிளில் ஒரு ஸட்ஜம் போனால், வெளியே வரும்போது கூடவே துளியூண்டு 400-ம் 600-ம் ஒட்டிக்கொண்டு வரும். 400 என்றால் மேல் ஸட்ஜம். 600 என்றால் அதற்கும் மேலே பஞ்சமம். இன்ஜினீயர்கள் பாஷையில் இது தவறு, டிஸ்டார்ஷன். காதின் பாஷையில் இனிமை.

இந்த இனிமைக்குப் பேர் போனவர் இங்கிலாந்தின் ரூபர்ட் நீவ். 2021-ல் 94 வயதில் காலமானார். லாஸ் ஏஞ்சலஸில் சவுண்ட் சிட்டி என்ற ஸ்டூடியோ 1973-ல் சுமார் 75,000 டாலர் கொடுத்து அவருடைய கம்பெனி கன்ஸோலை வாங்கியது. அன்றைக்கு அங்கே அந்தப் பணத்துக்கு வீடே வாங்கலாம். 1991-ல் 'நிர்வாணா' குழு 'நெவர்மைண்ட்' ஆல்பத்தை ரெக்கார்ட் செய்தது அதில்தான். 2011-ல் ஸ்டூடியோ கதவை மூடியபோது, அந்தக் குழுவில் டிரம்ஸ் வாசித்த டேவ் க்ரோல் கன்ஸோலை விலைக்கு வாங்கித் தன் ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனார். 2013-ல் அதைப் பற்றி ஒரு டாக்குமென்டரியும் எடுத்தார். ஒரு மேஜைக்குப் படம்!

நாங்கள் போனது அந்த ரேஞ்சுக்கு இல்லை. முதலில் ஒரு கடை. புத்தம்புது மிக்ஸர், சீரியல் செட் போட்ட மாதிரி விளக்குகள். அடுத்தது கோடம்பாக்கத்தில் ஒரு சந்து. மூடிவிட்ட ஸ்டூடியோவில், இங்கிலாந்தில் செய்த பழைய 16 சேனல் கன்ஸோலுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அதைப் பொண்ணு மாதிரி பார்த்துக்கொண்ட இன்ஜினீயர்.

மச்சினன் கெட்டிக்காரன். அவன் அம்மா பாடிய பாட்டு ஒன்றை லேப்டாப்பில் கொண்டுவந்திருந்தான். ரெண்டு இடத்திலும் அதையே மிக்ஸர் வழியாக ஓடவிட்டு, திரும்பப் பதிவு செய்துகொண்டான். வீட்டுக்கு வந்து, 1 கடை, 2 பழசு, 3 எந்த மிக்ஸரும் இல்லாத ஒரிஜினல் என்று வைத்துக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல் போட்டுக் காட்டினான்.

எல்லோரும் ஒரே குரலில் 1 என்றோம்.

எனக்குப் பழைய மெல்லிசைப் புத்தி முழித்துக்கொண்டது. "லெவலைப் பாருடா!" பார்த்தால், கடைக்காரர் ஒரு மயிரிழை வால்யூமை ஏற்றி வைத்திருந்தார். இது சௌண்டு உலகத்தின் ஆதிகாலத்து வித்தை. கொஞ்சம் உரக்கக் கேட்டால் எதுவுமே நன்றாகத்தான் இருக்கும். கல்யாண வீட்டு ஸ்பீக்கர் மட்டும் விதிவிலக்கு. மிக்ஸர் வாங்கப் போனால் முதலில் ஆயிரம் சைக்கிள் விசில் ஒன்றை ஓடவிட்டு, எல்லாவற்றிலும் மீட்டர் முள் ஒரே இடத்தில் நிற்கும்படி செய்துகொள்ளுங்கள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.

அப்படியே செய்தோம். ரெண்டாவது சுற்று. மாமியார் கண்ணை மூடிக் கேட்டார்.

"ரெண்டாவதுதான் என் குரல். தொண்டையில நெய் விட்ட மாதிரி இருக்கு. அது சரி, ஒண்ணையும் மூணையும் ஏன் ஒரே பாட்டா ரெண்டு தடவை போட்டே?"

மச்சினன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கடை மிக்ஸருக்கும், மிக்ஸரே இல்லாததற்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதற்காக அது மட்டம் என்று அர்த்தமில்லை. போட்டதை அப்படியே திருப்பித் தருகிற யோக்கியன். மேடைக் கச்சேரிக்கு அதுதான் வேண்டும். ஆனால் குணம் தேடிப் போகிறவன் அதற்குக் காசு கொடுத்தால், கையில் இருப்பதையே மறுபடி வாங்கின கதைதான்.

காதை நம்பலாமா என்று கேட்பீர்கள். நீவ் சொன்ன கதை இது. பீட்டில்ஸின் இன்ஜினீயர் ஜெஃப் எமரிக், நீவ் செய்த ஒரு பெரிய கன்ஸோலில் மூன்று சேனல் மட்டும் சரியில்லை என்று அடம்பிடித்தார். சோதித்தால் எல்லாம் ஒழுங்கு. விடாமல் நோண்டியபோது, அந்த மூன்றில் மட்டும் 54,000 சைக்கிளில் 3 டெசிபல் துருத்திக்கொண்டிருந்ததாம். மனுஷக் காதுக்கு எல்லை 20,000!

மறுநாள் பழைய கன்ஸோலை அக்குவேறு ஆணிவேறாகப் பார்க்கப் போனோம். அரை மணி நேரம் சூடாகவிட்டு, ஒவ்வொரு குமிழாகத் திருகினோம். கரகர என்றால் பெரும்பாலும் தூசிதான், கழுவினால் போகும். எதையும் சொருகாமல் ஒவ்வொரு சேனலையும் முழுசாக ஏற்றி 'உஸ்' சத்தம் சமமாக இருக்கிறதா என்று கேட்டோம். 'உம்ம்' என்று உறுமினால் பவர் சப்ளையில் கெபாசிட்டர் போச்சு.

"மூணு சேனல் செத்துடுச்சு. நானே சொல்லிடறேன்" என்றார் பெரியவர். சொன்ன விலையில் தானாகவே முப்பதாயிரம் குறைத்தார். அப்புறம் தயங்கி, "தம்பி, உன்கிட்ட ஒருத்தர்தானே பாடறாங்க? ரெண்டு சேனலை மட்டும் கழட்டி எடுத்துக்கோ. செலவு மிச்சம். மீதியையும் அப்படியே பிரிச்சு விக்கச் சொல்றாங்க. முழுசா விக்கிறதைவிட அதுலதான் காசு அதிகமாம்" என்றார். சொல்லும்போது கன்ஸோலைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார்.

கணக்குப்படி அவர் சொன்னதுதான் சரி. நான் தலையாட்டப் போனேன்.

"முழுசாவே எடுத்துக்கறேன் சார். மாசம் ஒருநாள் நீங்க வந்து பார்த்துக்கணும்" என்றான் மச்சினன்.

பெரியவர் ஒன்றும் பேசவில்லை. தோள் துண்டை எடுத்து ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஒரு குமிழைத் துடைத்தார். நான் அன்றைக்குக் கற்றுக்கொண்டது இது: பழைய கன்ஸோல் வாங்குகிறவன் ரிப்பேர் தெரிந்த ஆளையும் சேர்த்து வாங்க வேண்டும். இல்லாவிட்டால் எழுபது கிலோ பேப்பர் வெயிட்.

நாலு பேர் தூக்கி மொட்டைமாடி ஏற்றினோம். மாமியார் மூச்சு வாங்கியபடி மேலே வந்து, இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்.

"ரெண்டு லட்சம் குடுத்து ரிப்பேர் சாமானா?"

நான் விளக்கினேன். "அத்தை, அந்தச் சின்னக் குறைதான் இதோட அழகே. குறையே இல்லாதது கேக்க நல்லா இருக்காது."

"எங்களுக்குத் தெரியாதா மாப்பிள்ளை?" என்றார். "அப்படி நினைச்சுத்தானே உங்களுக்குப் பொண்ணைக் குடுத்தோம்!"