"கேஸ் எதுக்கு, பேசி முடிச்சுக்கலாம்!" கார் விபத்தில் கோட்டை விடப்படும் இழப்பீடு

கடலூர்:

கடலூரில் இருந்து சிதம்பரம் செல்லும் சாலையில் உள்ளது குடிகாடு. சிப்காட் தொழிற்சாலைகளுக்கு வந்து போகும் டேங்கர் லாரிகள், நாகை, வேளாங்கண்ணி நோக்கிப் பறக்கும் கார்கள், ஷிப்ட் முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் தொழிலாளர்கள் என எல்லோருக்கும் இதுதான் வழி. இங்கு ஒரு கார் மோதிவிட்டால் அடுத்து என்ன செய்வது என்று கேட்டால் பலரும் திருதிருவென விழிக்கின்றனர்.

கடலூர் மாவட்டம் திட்டக்குடி அருகே எழுத்தூரில் 2025 டிசம்பர் 24-ந்தேதி அரசு பஸ்சின் டயர் வெடித்து, தடுப்பைத் தாண்டி எதிரே வந்த 2 கார்கள் மீது மோதியதில் 9 பேர் பலியானார்கள். இதுபோன்ற பெரிய விபத்து என்றால் அமைச்சர், கலெக்டர் என அனைவரும் வருவார்கள். நிவாரணமும் அறிவிக்கப்படும். ஆனால் தினமும் நடக்கும் சின்ன விபத்துகளில் சிக்குபவர்களுக்கு யார் வழி சொல்வது?

முதலில் உயிர்

விபத்து நடந்ததும் 108-க்கு போன் செய்ய வேண்டும். காயம்பட்டவரை தூக்க ஓடும் முன் அக்கம் பக்கம் பார்ப்பது அவசியம். குடிகாட்டுக்கு அருகே உள்ள செம்மங்குப்பத்தில் 2025 ஜூலை 8-ந்தேதி பள்ளி வேன் மீது ரெயில் மோதி 3 மாணவர்கள் இறந்தனர். அப்போது உதவிக்கு ஓடி வந்த ஒருவர், அறுந்து கிடந்த மின்கம்பியால் ஷாக் அடித்து காயம் அடைந்தார்.

"தூக்கிட்டுப் போனா நம்ம மேலயே கேஸ் வருமோ" என்ற பயம் தேவையில்லை. உதவி செய்பவரை போலீசாரோ, ஆஸ்பத்திரியோ பெயர் சொல்லும்படி கட்டாயப்படுத்தக்கூடாது என 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகன சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது.

பணம் கட்டினால்தான் சிகிச்சை என்ற நிலையும் இப்போது இல்லை. தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. இதில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். மத்திய அரசு 2025 மே மாதம் கொண்டு வந்த திட்டத்தில் 7 நாட்கள் வரை, ரூ.1½ லட்சத்துக்கு பணமில்லா சிகிச்சை பெறலாம். இரண்டுமே திட்டத்தில் சேர்ந்துள்ள ஆஸ்பத்திரிகளில் கிடைக்கும்.

டிரைவர் ஓடலாமா?

கூடாது. காயம்பட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்ப்பது டிரைவரின் கடமை என்கிறது 134-வது பிரிவு. கூட்டம் அடிக்க வருகிறது என்றால் மட்டும் விலகிப் போகலாம். ஆனால் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் நிலையத்தில் தகவல் சொல்லியாக வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டும். தவறினால் 6 மாதம் வரை ஜெயில் அல்லது ரூ.5 ஆயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும்.

கோட்டை விடும் இடம்

பெரும்பாலானோர் ஏமாறுவது அடுத்த கட்டத்தில்தான். கார்காரர் 2 ஆயிரமோ, 3 ஆயிரமோ கையில் திணித்து, "கேஸ் எதுக்குண்ணே, பேசி முடிச்சுக்கலாம்" என்பார். அடிபட்டவரும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரியில் "வண்டியில இருந்து தானா விழுந்துட்டேன்" என்று சொல்லிவிடுவார். அது அப்படியே விபத்து பதிவேட்டில் ஏறிவிடும்.

பத்து நாள் கழித்து முட்டி மடங்கவில்லை, ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லும்போதுதான் தலை சுற்றும். அப்போது கோர்ட்டுக்குப் போனால், "தானாக விழுந்ததாக நீங்களே சொல்லி இருக்கிறீர்களே" என்று இன்சூரன்ஸ் தரப்பு அந்தப் பதிவேட்டைத்தான் முதலில் நீட்டும். எனவே எந்த வண்டி மோதியது, எங்கே, எத்தனை மணிக்கு என்பதை டாக்டரிடம் உள்ளது உள்ளபடி சொல்ல வேண்டும். செல்போனில் நம்பர் பிளேட்டுடன் படம் எடுத்து வைப்பது நல்லது. முதல் தகவல் அறிக்கை நகலையும் கேட்டு வாங்க வேண்டும்.

6 மாத கெடு

இழப்பீடு கேட்டு தீர்ப்பாயத்தில் 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்ற விதி 2022 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. காலதாமதம் என்ற ஒரே காரணத்துக்காக மனுக்களை தள்ளுபடி செய்யக்கூடாது என சுப்ரீம் கோர்ட்டு 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு போட்டது. ஆனாலும் அதை நம்பி அலட்சியமாக இருப்பது ஆபத்து. விபத்து எங்கு நடந்திருந்தாலும், பாதிக்கப்பட்டவர் தான் வசிக்கும் பகுதிக்கான தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம்.

மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டாலும் எல்லாம் போச்சு என்று உட்கார வேண்டாம். அடையாளம் தெரியாத வாகனம் மோதி இறந்தால் ரூ.2 லட்சம், படுகாயத்துக்கு ரூ.50 ஆயிரம் என 2022 முதல் இழப்பீடு உண்டு. ஒரு மாதத்தில் வண்டி சிக்காவிட்டால் இந்த விவரத்தை பாதிக்கப்பட்டவரிடம் போலீசாரே எழுத்துமூலம் சொல்ல வேண்டும் என 2024 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டுள்ளது.

சட்டம் இருக்கிறது, பணமும் இருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை. சம்பாதிக்கிறவர் படுக்கையில் விழுந்தால் ஒரு குடும்பமே நடுத்தெருவுக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் ரோட்டோரம் வாங்கிய 2 ஆயிரம் ரூபாய் மாத்திரைக்குக்கூட காணாது.