பெங்குவின் என்ன சாப்பிடும்?

குழந்தைகளுக்கான துருவப் புத்தகம் என்றால் அதில் ஒரு வெள்ளைக் கரடி இருக்க வேண்டும், ஒரு பெங்குவின் இருக்க வேண்டும், முடிந்தால் இரண்டும் ஒரே பனிப்பாளத்தில் நின்று சிரிக்க வேண்டும். கரடி வட துருவத்துப் பிராணி. பெங்குவின் அண்டார்டிகா பக்கத்துப் பறவை. இயற்கையில் இரண்டும் சந்திக்க வழியே இல்லை. இந்தப் பிழையைக்கூட மன்னித்துவிடலாம். பசி என்ற ஒன்றே இல்லாத உலகமாகத் துருவத்தைக் காட்டுவதைத்தான் மன்னிக்க முடியாது.

பிரிட்டிஷ் ஓவியர் வில்லியம் கிரில் எழுதி வரைந்த 'ஷாக்கிள்டன்ஸ் ஜர்னி' வேறு ரகம். 2014-இல் வெளிவந்து, அடுத்த ஆண்டே சித்திரப் புத்தகங்களுக்கான கேட் கிரீன்அவே பதக்கத்தைப் பெற்றது. எல்லாம் வண்ணப் பென்சில் படங்கள். பயணத்தில் போன மனிதர்களோடு 69 நாய்களையும் தனித்தனியாக, பெயரோடு வரைந்திருக்கிறார் கிரில்.

அண்டார்டிகாவைத் தரைவழியாகக் குறுக்கே கடக்க 1914-இல் புறப்பட்டவர் எர்னஸ்ட் ஷாக்கிள்டன். அவருடைய 'எண்டியூரன்ஸ்' கப்பல் உறைந்த கடலில் சிக்கி, நசுங்கி, 1915 நவம்பரில் மூழ்கியது. எலிஃபெண்ட் தீவில் தவித்த 22 பேர் 1916 ஆகஸ்ட் 30 அன்று மீட்கப்பட்டார்கள். கப்பலில் போன 28 பேரும் உயிர் தப்பினார்கள். நாய்களில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. தீனி போட வழியில்லாமல் அவை சுடப்பட்டன. சில, மனிதர்களுக்கே உணவாயின. தீவில் இருந்தவர்களைக் காப்பாற்றியவை சீல்களும் பெங்குவின்களும்தான். இறைச்சி வயிற்றுக்கு, சீல் கொழுப்பு அடுப்புக்கு.

பிஞ்சு மனதுக்கு இதையெல்லாம் சொல்லலாமா என்று பெற்றோர் தயங்கலாம். சொல்லத்தான் வேண்டும். சிபிச் சக்கரவர்த்தி தொடையை அரிந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். புறாவுக்கு இரங்கியபோதே பருந்தின் பசியையும் மறக்காத கதை அது. நாய்கள் செத்ததை அறிந்த குழந்தைக்கு அடுத்த திருப்பமும் புரியும். 1994 ஏப்ரல் 1-க்குள் அண்டார்டிகாவிலிருந்து நாய்கள் அனைத்தையும் வெளியேற்ற வேண்டும் என்று சர்வதேச விதி வந்தது. நாய்களின் நோய் சீல்களுக்குத் தொற்றிவிடும் என்ற அச்சமே முக்கியக் காரணம். சீலைக் கொன்று நாய்க்குப் போட்ட கண்டத்தில், சீலுக்காக நாயை அனுப்பிவைக்கும் காலம் வந்தது.

தமிழில் இப்படியொரு புத்தகம் செய்ய மொழிபெயர்ப்பு மட்டும் போதாது. நம் கடலிலிருந்தே தொடங்கலாம். கொச்சியைத் தாய்த்துறைமுகமாகக் கொண்ட 'சாகர் சம்பதா' ஆய்வுக் கப்பல் 1995-96-இல் தென்பெருங்கடலுக்குப் போனது. பெங்குவினைப் பார்க்க அல்ல, பெங்குவின் தின்னும் கிரில்லைத் தேடி. (ஓவியர் கிரில்லுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) கிரில்லுக்காக இந்தியா நடத்திய முதல் பயணம் அது. அந்தக் கப்பலை நிர்வகிக்கும் கடல்வாழ் உயிர்வள, சூழலியல் மையம் புதுவைப்புக்குக் குடிபோகும்முன் பல ஆண்டுகள் இயங்கியது காக்கநாடு கேந்திரிய பவனில். கம்ப்யூட்டர் கம்பெனிகளால் பெயர்பெற்ற காக்கநாட்டுக்கு இப்படியொரு துருவத் தொடர்பும் உண்டு.

கிரில் இறாலைப் போலவே இருக்கும்; ஆனால் இறால் அல்ல. ஆறு சென்டிமீட்டர் வரை வளரும். நம் கடற்கரைக் குழந்தைக்கு இதை விளக்க அகராதி தேவையில்லை. 'சென்னாக்கூனி மாதிரி, அதைவிடக் கொஞ்சம் பெரிசு' என்றால் போதும். கடல் பாசியைக் கிரில் தின்கிறது. கிரில்லைப் பெங்குவினும் சீலும் திமிங்கிலமும் தின்கின்றன. கடலின் மேல் உறையும் பனிக்கு அடியில் படரும் பாசியை நம்பித்தான் இளம் கிரில்கள் குளிர்காலத்தைத் தாண்டுகின்றன. பனி குறைந்தால் பாசி குறையும், பந்தி முழுவதும் பாதிக்கப்படும்.

இந்தப் பந்தியில் மனிதனும் உட்கார்ந்துவிட்டான். பண்ணை மீன்களுக்குத் தீனியாகவும், மருந்துக் கடையில் ஒமேகா-3 மாத்திரையாகவும் கிரில் போகிறது. அட்லாண்டிக்கை ஒட்டிய தென்கடல் பகுதியில் ஒரு பருவத்துக்கு 6,20,000 டன் என்று வரம்பு உண்டு. 2025-இல் அந்த வரம்பு முதல்முறையாக எட்டப்பட்டு, பருவம் முடியும்முன்பே பிடிப்பு நிறுத்தப்பட்டது. இந்த வரம்புகளை முடிவு செய்யும் சர்வதேச ஆணையத்தில் இந்தியா 1986 முதல் உறுப்பினர். அண்டார்டிகா ஒப்பந்த நாடுகளின் 46-வது கூட்டமே 2024 மே மாதம் கொச்சியில்தான் நடந்தது.

இன்று படம் பார்க்கும் பிள்ளைகளில் ஒருவர் நாளை அந்தக் கூட்டங்களில் நம் சார்பில் பேசக்கூடும். பெங்குவின் அழகாக இருக்கும் என்பது மட்டும் தெரிந்திருந்தால் அங்கே பேச்சு எடுபடாது. அது என்ன சாப்பிடும், அந்தச் சாப்பாட்டை வேறு யார் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்லித்தரச் சித்திரப் புத்தகத்தைவிட நல்ல இடம் இல்லை.