பொத்தானும் அடைப்புக்குறியும்

திரையில் ஒரு பொத்தானை அமைத்து, அதனை அழுத்தியதும் 'வணக்கம்' என எழுதச் செய்வது எளிய காரியமே. ஆயினும், பைத்தன் மொழி பயிலும் மாணவர் பலர் இவ்விடத்திலேதான் இடறுகின்றனர்.

அம்மொழியுடன் வரும் டிக்கின்டர் என்னும் தொகுதியில் பொத்தானை ஆக்கும்போது, 'கொமாண்ட்' என்பதற்கு எதிரே, அழுத்தியதும் இயங்கவேண்டிய சார்பின் பெயரை எழுதுகின்றோம். பெயரை மட்டுமே எழுதுதல் வேண்டும். பழக்கத்தினால் அடைப்புக்குறிகளையும் சேர்த்துவிட்டால் என்ன நிகழும்? பொத்தான் தோன்றுமுன்னரே வணக்கம் வந்துவிடும். பின்னர் எத்தனை முறை அழுத்தினும் பொத்தான் வாய்திறவாது.

அவசரமாயின் அழைக்கும்படி வைத்தியரின் பெயரை வீட்டிலுள்ளோரிடம் கொடுத்துச் செல்வது ஒன்று. நோயாளர் எவரும் இல்லாதபோதே அவரை வரவழைத்துத் திருப்பி அனுப்பிவிடுவது மற்றொன்று. அடைப்புக்குறியின் பொருள் 'இப்போதே செய்' என்பதாம். சார்பு உடனே இயங்கி முடிகின்றது. அது எதனையும் திருப்பித் தராமையால், பொத்தானுக்குக் கிடைப்பது வெறுமையே.

இதிலே கொடுமை யாதெனின், பிழை என்று கணினி ஒரு சொல்லும் சொல்வதில்லை. பாவம், மாணவர் பொத்தானையே நோவார்!

சார்புக்கு ஏதேனும் பெறுமானம் கொடுக்க வேண்டின் அடைப்புக்குறி இன்றியமையாததாகும். அப்போது 'லாம்டா' என்னும் சொல்லையும் ஒரு முக்காற்புள்ளியையும் முன்னே இடுக. அழுத்தும்வரை வேலை காத்திருக்கும்.