கேமரா ஆடினால் உண்மை ஆகிவிடுமா?



"அப்படியே டாக்குமெண்டரி மாதிரி இருக்கு சார், பாருங்க" என்று மாணவர் ஒருவர் 'ஃப்ரைடே நைட் லைட்ஸ்' (2004) படத்தைச் சொல்லியிருந்தார். பார்த்தேன். என் சண்டையே அந்த 'டாக்குமெண்டரி மாதிரி'யோடுதான்.

டெக்சஸ் மாநிலத்தில் ஒடெசா என்ற எண்ணெய்க் கிணற்று ஊர். அங்கே பெர்மியன் பள்ளியின் 1988ஆம் ஆண்டு அமெரிக்கக் கால்பந்து அணி. (நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு முட்டி மோதி ஓடுவது.) இயக்குநர் பீட்டர் பெர்க் கேமராவைக் கையில் பிடித்து ஆட்டிக்கொண்டே எடுத்திருக்கிறார். திடீரென்று முகத்தருகே பாய்கிறது. நிறமெல்லாம் வெளிறிக் கிடக்கிறது. பந்து யாரிடம் என்று புரிவதற்குள் காட்சி மாறிவிடுகிறது. செய்திப்படம் பார்க்கிற மயக்கம் நமக்கு வந்துவிடுகிறது. அந்த மயக்கத்தில் எதைச் சொன்னாலும் நம்புவோம்.

நம்பவைத்து என்ன சொல்கிறார்? ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில் இறுதிப் போட்டி, அதில் தோல்வி என்கிறார். உண்மையில் பெர்மியன் அணி டாலஸ் கார்ட்டர் பள்ளியிடம் தோற்றது அரையிறுதியில், ஆஸ்டின் நகரில், 14-9 என்ற கணக்கில். கதைக்காக மாற்றட்டும், நான் தடுக்கவில்லை. மாற்றுகிறவருக்குச் செய்தியாளர் வேடம் எதற்கு?

இதைவிட என்னை உறுத்துவது வேறு. எச்.ஜி. பிஸ்ஸிங்கர் எழுதிய மூலநூல் (1990) வகுப்பறைக்குள்ளும் போகிறது. விளையாட்டுப் பையன்களின் மருத்துவப் பொருள்களுக்கு 6,750 டாலர், ஆங்கிலத் துறையின் கற்பித்தல் பொருள்களுக்கு 5,040 டாலர் என்று கணக்கோடு எழுதியிருக்கிறார். வாத்தியார் வேலை பார்த்தவனுக்கு அந்த ஒரு வரி போதும், வயிறு எரிய. படத்தில் அந்தக் கணக்கு இல்லை. மைதானத்தில் அத்தனை ஓட்டம் ஓடுகிற கேமராவுக்கு வகுப்பறை வரை நடக்க நேரமில்லை போலிருக்கிறது.

நல்ல காட்சி இல்லாமலில்லை. முழங்கால் போன பூபி மைல்ஸ், தன் பொருள்களை அள்ளிக்கொண்டு, தோழர்களிடம் சிரித்துப் பேசிவிட்டு வெளியே வருகிறான். தன்னை வளர்த்தவரின் காரில் ஏறியதும் உடைந்து அழுகிறான். பந்தாட்டம் தவிர எனக்கு வேறென்ன தெரியும் என்கிறான். டெரெக் லூக் என்ற நடிகரின் முகத்தை நம்பி ஆர்ப்பாட்டமில்லாமல் எடுத்த இடம் இதுதான். ஆனால், வேறொன்றும் தெரியாமல் அவனை வளர்த்துவிட்ட பள்ளி எது, யார் பொறுப்பு? அதைக் கேட்பதற்குள் இயக்குநர் அடுத்த ஆட்டத்துக்கு ஓடிவிடுகிறார்.

மறுப்பவர்கள் தாராளமாகக் கீழே எழுதுங்கள். 'செம படம் சார்' என்று மட்டும் எழுதினால் மதிப்பெண் கிடையாது.