தோட்டத்து உடுக்கை

காங்கோ நாட்டின் தென்கிழக்கே வாழும் லூபா மக்களிடத்திலே, ‘கஷேகேஷேகே’ என்று பெயர் வழங்கும் ஒரு சிறு மரச்சட்டம் உண்டு. குறி சொல்பவர் ஒருபுறமும் குறி கேட்க வந்தவர் மறுபுறமுமாக விரல்களால் அதைப் பற்றிக்கொண்டு, கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, சட்டம் உராய்ந்து நகரும் விதத்திலிருந்து விடை அறிவார்கள். அந்நாட்டின் கூபா மக்களோ, பிராணி வடிவாகச் செதுக்கிய மரத்தின் முதுகிலே ஈர வில்லையொன்றைத் தேய்த்து, அது நகராமல் ஒட்டிக்கொள்ளும் தருணத்தில் உச்சரித்த பெயரையே உண்மையென்று கொள்வார்கள்.

பேராக்கிலுள்ள நமக்கு இவை அந்நியமாகத் தோன்ற நியாயமில்லை. ஈப்போவைச் சுற்றியும் சுங்கை சிப்புட் பக்கமும் ரப்பர்த் தோட்டங்கள் தழைத்திருந்த காலத்தில், மாரியம்மன் கோயில் வாசலில் கோடாங்கி குறி சொல்ல உடுக்கையை எடுத்தால், லயத்து ஜனங்கள் அத்தனை பேரும் அங்கே கூடிவிடுவார்கள். இரு முகங்களிலும் தோல் போர்த்து, இடை சிறுத்த அந்த வாத்தியத்தின் கயிற்றை இடக்கை அழுத்தியும் தளர்த்தியும் பிடிக்க, வலக்கை விரல்கள் தட்டத் தட்ட, அது விம்மும், கெஞ்சும், அதட்டும். பிள்ளையின் காய்ச்சல், காணாமற்போன தாலி, தட்டிப்போகும் கல்யாணம் என்று, துரையிடத்திலும் கங்காணியிடத்திலும் சொல்ல வழியில்லாத துயரமெல்லாம் அங்கேதான் வாய் திறந்தது. குறி பலித்ததா என்ற விவகாரத்தில் எனக்குச் சிரத்தையில்லை. மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறவர்கள், அங்கே கேட்கப்பட்ட கேள்விகளைக் கவனிக்கத் தவறினார்கள் என்பதே என் அபிப்பிராயம். ஆப்பிரிக்காவின் அஸாண்டே மக்களைப் பற்றி 1937இல் நூல் வெளியிட்ட மானிடவியலாளர் எவான்ஸ்-பிரிச்சர்ட், அவர்களுடைய உராய்வுப் பலகையை வர்ணித்ததோடு நில்லாமல், குறிகளின் முன்னே அவர்கள் என்னென்ன கேட்டார்கள் என்பதையும் எழுதிவைத்தார். அதனால்தான் அந்த ஜனங்களின் கவலைகள் இன்று நமக்கு விளங்குகின்றன.

ஐம்பதுகளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் சில தோட்டங்களை வாங்கிக் காத்தது. பிறகு செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்து லயங்கள் மறைந்தன. உடுக்கைகளோ பேரப்பிள்ளைகளின் வீடுகளில் மூலையில் கிடக்கின்றன.

தைப்பிங்கில் 1883இல் நிறுவப்பெற்ற பேராக் அரும்பொருட்காட்சிசாலை இவற்றைச் சேகரிக்க முன்வரவேண்டும். கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பெயர்ச்சீட்டு ஒட்டினால் மட்டும் போதாது. எந்தத் தோட்டம், யார் அடித்தார், எந்தத் தெய்வத்தை எந்தப் பாட்டால் வருந்தி அழைத்தார், யார் என்ன கேட்டார்கள் என்பதையெல்லாம் முதியவர்களின் குரலிலேயே பதிவு செய்யவேண்டும். அவர்களில் பலர் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். கோயில் நிர்வாகக் குழுக்கள் வருகிற ஆடித் திருவிழாவுக்கு முன்பே இந்த வேலையைத் தொடங்கிவிடலாம்.