சுமை எழுதிய எலும்பு

1638இல் லெய்டன் நகரில் வெளியான கலிலியோவின் கடைசி நூலில் இரண்டு எலும்புகளின் படம் உண்டு. ஒன்று சாதாரணமானது. மற்றது அதைப்போல மூன்று மடங்கு நீளம், ஆனால் பார்க்கவே விகாரமாகப் பருத்தது. உடல் பெருக்கும்போது எடை கனஅளவுக்கு ஏற்பக் கூடுகிறது. எலும்பின் வலிமையோ அதன் குறுக்குப் பரப்புக்கு ஏற்பத்தான் கூடும். ஆகவே பெரிய விலங்கின் எலும்பு நீண்டால் மட்டும் போதாது, அதைவிட விரைவாகப் பருக்கவும் வேண்டும் என்று அவர் காட்டினார். கணக்கு சரி. ஆனால் அவர் வரைந்தது உலர்ந்த எலும்பு. உலர்ந்ததையே பார்த்துப் பழகிய மனதுக்கு எலும்பு வெறும் தூணாகத்தான் தெரியும். அந்தப் பழக்கம் நம்மை இன்னும் விட்டபாடில்லை.

அதை முதலில் அசைத்த ஊர்களில் ஒன்று சூரிச். 1860களில் அங்கே உடற்கூறு கற்பித்த ஹெர்மன் ஃபான் மேயர், தொடை எலும்பின் மேல்முனையை நெடுக்காக அறுத்து, உள்ளே இருந்த பஞ்செலும்பைக் காட்டினார். மெல்லிய எலும்பு இழைகள் தாறுமாறாகக் கிடக்கவில்லை. வளைந்து, ஒன்றையொன்று குறுக்காக வெட்டிச் சென்றன. அதே ஊரில் பாலங்களின் விசைகளைக் கோடுகளாக வரையக் கற்பித்துக்கொண்டிருந்த பொறியியல் பேராசிரியர் கார்ல் குல்மன் அதைப் பார்த்தார். தொடை எலும்புபோல் வளைந்த ஒரு கிரேனில் சுமை ஏற்றினால் அழுத்தமும் இழுப்பும் எந்த வழியில் ஓடுமோ, ஏறக்குறைய அந்த வழியிலேயே இழைகள் ஓடின. மருத்துவரும் பாலம் கட்டுபவரும் ஒரே எலும்புத் துண்டின் முன் நின்ற அந்தச் சந்திப்பை அறிவியல் வரலாற்றின் பேறுகளில் ஒன்றாகவே கருதுகிறேன். 1867இல் மேயர் அதை எழுதி வெளியிட்டார்.

பெர்லின் அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தார். சுமை மாறினால் எலும்பும் தன் உள்ளமைப்பை மாற்றிக்கொள்ளும் என்று 1892இல் ஒரு முழு நூலே எழுதினார். கணித விதிகளின்படி அது துல்லியமாக நடக்கும் என்ற அவருடைய உறுதி நிலைக்கவில்லை. குல்மனின் கிரேன் உள்ளே சீரான திடப்பொருள். எலும்பு அப்படியல்ல, அதன்மேல் விழும் சுமையும் ஒரே திசையில் வருவதல்ல. கணிதம் தளர்ந்தது, கருத்து நின்றது.

எலும்பு சுமையை எப்படித் தாங்குகிறது என்று அறிய, அது எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். அதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கால்சியம் பாஸ்பேட் உப்பு. மீதியில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரத நார், கொஞ்சம் நீர். அமிலத்தில் ஊறவைத்து உப்பைக் கரைத்துவிட்டால் எலும்பு ரப்பர்போல் வளையும். சுட்டு நாரை எரித்துவிட்டால் கைபட்டாலே நொறுங்கும். உப்பு விறைப்பைத் தருகிறது, நார் விரிசலைத் தடுக்கிறது. இரண்டும் சேர்ந்த எலும்பு நெடுக்காக அழுத்தினால் நன்கு தாங்கும். இழுத்தால் அதைவிடக் குறைவாகத் தாங்கும். முறுக்கினால் இன்னும் எளிதில் உடையும். கால் ஊன்றி நிற்க உடல் திரும்பும்போது கால் எலும்பு சுருள்வடிவில் முறிவது இதனால்தான்.

இந்தப் பொருளுக்குள் உயிரணுக்கள் ஓயாமல் வேலை செய்கின்றன. சில பழையதை அரிக்கின்றன, சில புதியதைக் கட்டுகின்றன. எலும்புக்குள்ளேயே புதைந்திருக்கும் வேறு சில, சுமை விழும்போது நுண்குழல்களில் நகரும் திரவத்தை உணர்ந்து சேதி அனுப்புகின்றன. வளர்ந்தவரின் எலும்புக்கூட்டில் ஆண்டுக்குச் சுமார் பத்து சதவீதம் இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது.

சுமை நின்றால் கட்டுமானமும் சுருங்கும். விண்வெளி நிலையத்தில், தகுந்த உடற்பயிற்சி இல்லாதபோது, இடுப்பெலும்பின் அடர்த்தி மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை குறைந்திருக்கிறது. மாறாக, தொழில்முறை டென்னிஸ் ஆட்டக்காரர்களை 1977இல் ஆராய்ந்தபோது, ஆடும் கையின் மேற்கை எலும்புச் சுவர் மறுகையைவிட மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தடித்திருந்தது.

இவ்வளவு தெரிந்த பிறகும் எலும்பைப் பற்றிய நம் பொதுப்பேச்சு அறுபது வயதில், இடுப்பு முறிந்த பிறகு, கால்சியம் மாத்திரையோடு தொடங்குகிறது. இது தவறான இடத்தில் தொடங்கும் பேச்சு. 1995இல் வெளியான ஒரு பின்லாந்து ஆய்வு டென்னிஸ், ஸ்குவாஷ் ஆடும் பெண்களை எடுத்துக்கொண்டது. பருவமடைவதற்கு முன்போ அந்த வேளையிலோ ஆடத் தொடங்கியவர்களின் இரு கைகளுக்கிடையே எலும்பில் இருந்த வேறுபாடு, பல ஆண்டு கழித்துத் தொடங்கியவர்களிடம் இருந்ததைப்போல இரு மடங்குக்கும் மேல். அந்த வயது பள்ளி வயது. ஆகவே ஆடுகளமே இல்லாத பள்ளிக்கு அனுமதி வழங்கும் அதிகாரியின் கோப்பில் எலும்புப்புரை நோயும் ஒரு பொருளாக இடம்பெற வேண்டும்.